‘வறட்சி தாங்கும் காட்டு ரப்பர்’ என்று விற்ற கன்று: ஏழு கோடை பார்த்தபின் எழுதுவது

ரப்பர் கன்றைப் பற்றி வாங்கிய மாதமே எழுதிவிட முடியாது. முதல் மழையில் எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் நிற்கும். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். நட்டு ஏழு கோடை போய்விட்டது, சுற்றளவு அளந்து எழுதி வைத்த நோட்டும் நிரம்பிவிட்டது, இனி எழுதலாம்.

நான் நட்டது மூன்று வகை. ஒரு நர்சரியில் ‘அமேசான் காட்டு ரப்பர், வறட்சி தாங்கும் ரகம்’ என்று சீட்டு கட்டி விற்ற விதைக்கன்று 60. வேறொரு நாற்றங்காலில் வாங்கிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 430 (இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலைய ரகம்) ஒட்டுக்கன்று 60, அங்கேயே வாங்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 (மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலைய ரகம்) ஒட்டுக்கன்று 40. ஒட்டுக்கன்று என்றால் தேர்ந்தெடுத்த மரத்தின் மொட்டை வேறொரு நாற்றில் ஒட்டி வளர்த்தது. எல்லாமே பாலித்தீன் பையில் வளர்ந்தவை, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில், ஒரே நிலத்தில், பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டேன். சீட்டு கட்டி விற்ற நர்சரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைவிட அந்தச் சீட்டில் இருந்த வார்த்தைதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அதே வார்த்தையைச் சொல்லி நாளைக்கு வேறு யாரும் உங்களிடம் விற்கலாம்.

முதலில் ‘வறண்ட நிலம்’ என்று எதைச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரப்பர் விஷயத்தில் இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மழை அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ரப்பருக்கு வருடம் 2000 மி.மீ. வாக்கில் மழை வேண்டும், ஆனால் அது மாதாமாதம் பரவலாக வர வேண்டும். மகாராஷ்டிரத்தின் வடகொங்கணில் தாப்சரி என்ற இடத்தில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஒரு கிளை வைத்திருக்கிறது. அங்கே மழைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனையும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும், அப்புறம் ஆறு ஏழு மாதம் மண்ணில் ஈரம் இருக்காது, கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், காற்றும் காய்ந்து கிடக்கும். ரப்பருக்கு அதுதான் வறண்ட நிலம். என் நிலமும் ஏறக்குறைய அதே குணம் கொண்டதுதான்.

சரி, கன்றுகளுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு கோடைதான் சோதனை. எல்லா வரிசைக்கும் ஒரே கவனிப்பு கொடுத்தேன், அதில் ஓரவஞ்சனை செய்யவில்லை. அடியில் தழை மூடாக்கு, தென்மேற்குப் பக்கம் ஓலை மறைப்பு, தண்டு பழுப்பேறிய பிறகு வெயில் பட்டைச் சுடாமலிருக்க சுண்ணாம்புப் பூச்சு, வாரம் ஒருமுறை கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர். இரண்டாவது கோடை முடிந்தபோது காட்டு ரப்பர் என்று வாங்கிய 60இல் 17 செத்துப்போயிருந்தன. ஆர்.ஆர்.ஐ.எம். 600இல் 6 போனது, 430இல் 5. செத்தவற்றுக்குப் பதில் கன்று வைக்கவில்லை, வைத்தால் கணக்குக் குழம்பிவிடும்.

இதைப் பார்த்துவிட்டு ‘காட்டு ரப்பர் மோசம்’ என்று அப்போதே எழுதியிருந்தால் பெரிய தவறு செய்திருப்பேன். பிழைத்த 43 மரத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மார்ச் மாதம் நடுப்பகலில் வரிசையில் நடந்து போனால், ஒரு மரத்தில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருக்கும், அடுத்த மரம் பாதி இலையை மஞ்சளாக்கி உதிர்த்துவிட்டு நிற்கும், அதற்கடுத்தது இலையைத் தொங்கவிட்டு மறுபடி காலையில் நிமிர்ந்துகொள்ளும், நாலாவது ஒன்று ஒன்றுமே நடக்காததுபோல் கரும்பச்சையாக நிற்கும், தொட்டால் இலைமேல் மெழுகு கையில் வழுக்கும். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். வித்தியாசம் விதைக்குள்ளே இருந்து வந்தது. அந்த வரிசையில் நடந்த நாட்கள்தான் இந்த ஏழு வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த நாட்கள், அதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஏழாம் வருடக் கணக்கு இது. தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு. ஆர்.ஆர்.ஐ.ஐ. 430 பெரும்பாலும் 38க்கும் 45க்கும் நடுவில். ஆர்.ஆர்.ஐ.எம். 600 அதைவிட நாலைந்து செ.மீ. குறைவு. விதைக்கன்று வரிசையில் மிக மெலிந்தது 19 செ.மீ., மிகப் பருத்தது 48. நல்ல மழை பரவலான நிலத்தில் ஏழு வருடத்தில் ஒட்டு மரம் 50 செ.மீ. தொட்டுப் பால்வெட்டுக்குத் தயாராகிவிடும். வறண்ட நிலத்தில் அதற்கு ஒன்பது, பத்து வருடம்கூட ஆகலாம், இதைத் தெரிந்துகொண்டே நட வேண்டும். கோடையில் தண்டு பருப்பதே நின்றுவிடுகிறது, சில மரத்தில் ஏப்ரலில் எடுத்த அளவு ஜனவரி அளவைவிட ஒரு மயிரிழை குறைவாகவே இருந்தது. தண்டு தன் தண்ணீரை இழந்து கொஞ்சம் ஒடுங்குகிறது. மழை வந்ததும் ஒரே மாதத்தில் ஈடுகட்டிவிடும்.

இங்கே ஒரு விஷயம். 430 எல்லாமே ஒரே தாய் மரத்தின் மொட்டிலிருந்து வந்தவை, மரபணுவில் நகல். அப்புறம் ஏன் 38க்கும் 45க்கும் நடுவில் இத்தனை இடைவெளி? ஒட்டுக்கு மேலேதான் 430, ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர் ஏதோ ஒரு விதையிலிருந்து முளைத்த நாற்று. அந்த வேருக்கு ரகப் பெயர் கிடையாது. ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு குணம். மேலே ஒரே ரகம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, தண்ணீர் தேடிப் போகவேண்டிய பாதி முழுக்கக் கலவையாக இருக்கிறது. ஒட்டுக்கன்று விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வறண்ட நிலத்துக்கு வாங்குபவர்கள் வேர்க்கன்றைப் பற்றியும் கேட்க வேண்டும், குறைந்தபட்சம் நாற்றங்காலில் நோஞ்சான் நாற்றைக் கழித்துவிட்டு வீரியமானதில் மட்டும் ஒட்டுக் கட்டினார்களா என்றாவது கேளுங்கள்.

இனி அந்தச் சீட்டு. மூன்றாம் வருடம், எனக்கே சந்தேகம் வந்து, நர்சரிக்குத் திரும்பப் போனேன். ‘அண்ணே, இந்த விதை எங்கிருந்து வந்தது, ஆக்ரேயா, ரோண்டோனியாவா, மாட்டோ குரோசோவா?’ என்று கேட்டேன். மூன்றும் காட்டு ரப்பர் வளரும் பிரேசில் மாநிலங்கள், அந்தப் பெயர்களை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்ச நேரம் பேசியபிறகு, விதை ஒரு பழைய தோட்டத்தில் பொறுக்கியது என்று ஒத்துக்கொண்டார். ‘விதையில் வளர்ந்தா அது காட்டு ரப்பர்தான் தம்பி’ என்றார். அவர் பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அப்படியே நம்பியிருக்கிறார். ஆனால் அது உண்மை இல்லை, அதனால் எனக்கு நஷ்டம் என்பதும் மாறாது.

ஏன் உண்மை இல்லை என்றால், தோட்டத்து ரப்பருக்கும் காட்டு ரப்பருக்கும் நடுவில் ஒரு கதை இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் அமேசானின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதை சில வாரத்திலேயே உயிர் விட்டுவிடும், அதனால் முளைத்தது சுமார் 2,700தான். அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது, அடுத்த வருடம் 22 கன்று சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள்தான். அதிலிருந்து நல்ல பால் தரும் மரங்களைப் பொறுக்கி, ஒட்டுக் கட்டி, அவற்றையே மறுபடி மறுபடி தமக்குள் கலந்தார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600இன் தாய் டி.ஜிர் 1 என்ற பழைய இந்தோனேசிய ரகம். இந்திய ரகமான ஆர்.ஆர்.ஐ.ஐ. 105இன் தாயும் அதே டி.ஜிர் 1. அந்த 105ஐ இலங்கை ரகமான ஆர்.ஆர்.ஐ.சி. 100உடன் கலந்து வந்ததுதான் 430. எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்துகொண்டே போன மாதிரி. பால் பல மடங்கு கூடியது, அது பெரிய சாதனை, ஆனால் மரபு வளம் குறுகிவிட்டது. என் நர்சரிக்காரர் பொறுக்கிய விதையும் இந்தக் குடும்பத்துக்குள்ளேதான்.

உண்மையான காட்டு ரப்பர் வேறு. 1981இல் சர்வதேச ரப்பர் ஆராய்ச்சி வளர்ச்சி வாரியம் பிரேசில்காரர்களோடு சேர்ந்து ஆக்ரே, ரோண்டோனியா, மாட்டோ குரோசோ ஆகிய மூன்று மாநிலக் காடுகளுக்குள் போய் 64,000க்கு மேற்பட்ட விதைகளையும், நல்ல பால் தரும் 194 மரங்களின் ஒட்டு மொட்டுக் குச்சிகளையும் சேகரித்தது. விதையில் பாதி பிரேசிலிலேயே இருந்தது, மீதி மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் போனது. மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கும் ஆயிரக்கணக்கில் வகைகள் வந்தன. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் கூடவே வந்துவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் தனிமைப்படுத்தி வளர்த்துத்தான் வெளியே விட்டார்கள், ஏனென்றால் அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணம் ஆசியாவுக்கு வந்தால் தோட்டங்கள் தாங்காது. இப்படி வந்தவற்றில் ஒரு பகுதிதான் தாப்சரியில், அந்த ஏழு மாத வெயிலில், நட்டுப் பார்க்கப்பட்டது.

அங்கே கண்டதை நினைத்தால் என் 43 மரமும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு மாதிரிதான். சுற்றளவு, கோடையில் தண்டு எவ்வளவு பருக்கிறது, இலை எவ்வளவு மஞ்சளாகிறது, எவ்வளவு கருகுகிறது என்று எதை அளந்தாலும் வகைக்கு வகை பெரிய வித்தியாசம். குறிப்பாக மாட்டோ குரோசோ வகைகளில் வறட்சியைத் தாங்குபவை தென்பட்டன. எனக்கு அது வியப்பாகப் படவில்லை. ரப்பர் இயற்கையாக வளரும் எல்லையின் தெற்கு ஓரம் அது, அங்கே தெளிவான வறண்ட காலம் உண்டு, ஆயிரக்கணக்கான வருடம் அந்த வெயிலைப் பார்த்துப் பிழைத்த மரத்தின் விதை அது. மரபணுக் குறிகளை வைத்துப் பார்த்தாலும் அமேசான் வகைகள் விக்ஹாம் கூட்டத்தைவிட அதிகம் பரந்தவை.

அப்படியானால் அசல் காட்டு வகையே கையில் கிடைத்தால் நடலாமா? பால் வேண்டும் என்பவர்கள் நடக்கூடாது. காட்டு வகைகளில் பெரும்பாலானவற்றின் பால் தோட்டத்து ரகத்தின் பக்கத்தில்கூட வராது. நூறு வருடமாகப் பாலுக்காகவே பொறுக்கிப் பொறுக்கி எடுத்த குடும்பத்தோடு, அப்படி யாருமே பொறுக்காத மரத்தை ஒப்பிட முடியாது. அவற்றின் பயன் வேறு: நல்ல பால் தரும் ரகத்தோடு கலந்து, பாலும் வறட்சித் தாங்கலும் சேர்ந்து வரும் பிள்ளையைத் தேடுவது. அது ஒரு பருவத்தில் முடியாது. கலந்து, முளைக்கவைத்து, சின்னதில் சோதித்து, ஒட்டுக் கட்டி, பெரிய அளவில் நட்டு, பல வருடம் வெட்டிப் பார்த்து, ஒரு ரகம் வெளியே வர இருபது இருபத்தைந்து வருடம் ஆகும். அதனால்தான் ‘காட்டு ரப்பர் ரகம்’ என்று யாராவது பையில் போட்டுச் சுலபமாக விற்றால் உடனே நம்பாதீர்கள் என்கிறேன்.

என் மரங்களிலேயே இதைப் பார்த்தேன். போன மழைக்காலக் கடைசியில் விதைக்கன்று வரிசையில் பருத்த மரங்கள் ஆறில் சோதனை வெட்டுப் போட்டேன், விடிவதற்கு முன்னாலேயே, ஏனென்றால் மரத்துக்குள் தண்ணீர் அழுத்தம் அப்போதுதான் அதிகம், வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். வரிசையிலேயே பருத்த அந்த 48 செ.மீ. மரத்தில் பால் பட்டையிலேயே உறைந்துவிட்டது, சிரட்டைக்கு வந்து சேர்ந்தது சில துளி. 44 செ.மீ. மரம் ஒன்றில், 41ஆம் எண், சிரட்டையில் கால் பங்குக்குப் பால் நின்றது, அத்தோடு அந்த ஆறில் இந்த ஏழு கோடையிலும் இலை கருகாத மரமும் அதுதான். பருமனும் பாலும் ஒரே கயிற்றில் கட்டியவை இல்லை. தண்டைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இதைச் சொல்கிறேன், நானும் மயங்கினவன்தான்.

பொருளாக மதிப்பிடச் சொன்னால், இப்படிச் சொல்வேன். வறண்ட நிலத்தில் நட ஆர்.ஆர்.ஐ.ஐ. 430க்கு ஐந்துக்கு நாலு. கோடையில் இலை கருகுவது குறைவு, மழை வந்ததும் வேகமாக எழுகிறது. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது ரகத்துக்காக இல்லை, இதையும் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் முதல் இரண்டு கோடையைத் தாண்டுவது சிரமம் என்பதற்காக. ஆர்.ஆர்.ஐ.எம். 600க்கு மூன்றரை, பழைய ரகம், பல நாட்டில் பல வகை வானிலையில் சோதித்தது, ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சணத்தால் இலை உதிர்வு அதிகம், மருந்து தெளிக்காமல் விடமுடியாது. சீட்டு கட்டி வந்த விதைக்கன்றுக்கு, பால் எடுக்க நினைத்து வாங்குபவர்களுக்கு, ஒன்று. விதைக்கன்று என்று சொல்லியே விற்றிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன்.

வாங்கப் போகிறவர்கள் நாற்றங்காலில் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. ஒட்டா, விதையா? ஒட்டு என்றால் மொட்டு எந்தத் தாய் நாற்றங்காலில் எடுத்தது, அந்த மரங்களின் ரகம் சரிபார்த்ததா? இலை அமைப்பும் தண்டில் இலைக்காம்பு விழுந்த தழும்பும் பார்த்தே ரகம் சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், முடிந்தால் ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஏனென்றால் கலப்படம் தெரிய வரும்போது ஏழு வருடம் போயிருக்கும். அப்புறம் வேரைப் பாருங்கள். பையின் அடியில் ஆணிவேர் சுருண்டு நின்ற கன்றை வறண்ட நிலத்தில் நடாதீர்கள், அது ஆழத்துக்குப் போகாது, மேல் மண் காய்ந்ததும் அதோடு சேர்ந்து காயும். என்னிடம் செத்த 17இல் ஐந்தைப் பிடுங்கிப் பார்த்தேன், நாலில் ஆணிவேர் வளைந்திருந்தது. ஆக அந்தச் சாவில் எல்லாமே மரபணுவின் குற்றம் இல்லை, நாற்றங்கால் வேலையும் சரியில்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, விமர்சனத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். ஆக்ரேயின் காட்டு மரங்கள் இன்றும் நிற்கின்றன என்றால் அதற்கு அங்கே பால் எடுத்துப் பிழைத்தவர்களும் ஒரு காரணம். காட்டை அழித்து மாட்டுப் பண்ணை ஆக்குவதை எதிர்த்து நின்ற சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பரில் ஷாபூரியில் கொல்லப்பட்டார், அவர் பெயரில் 1990இல் அங்கே காட்டுக் காப்பிடம் அமைந்தது. சேகரித்து நட்ட வகைகள் ஆராய்ச்சித் தோட்டத்தில் இருக்கின்றன, சரி, ஆனால் அது அள்ளி எடுத்த ஒரு கை அளவு. காட்டில் நிற்கும் மரங்கள் இன்னும் ஒவ்வொரு வருடமும் தமக்குள் கலந்து புதுப் புது விதையை வெடித்துச் சிதறடிக்கின்றன. வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் நாம் தேடும் மரம் அதில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். அந்தக் காடு அழிந்தால் எனக்கு வலிக்கும், நான் அதைப் பார்த்ததே இல்லை என்றாலும்.

விதைக்கன்று வரிசையை என்ன செய்வது என்று வீட்டில் பேசினோம். 19, 22, 25 செ.மீ. என்று நிற்பவற்றை வெட்டிவிடுவது என்று முடிவு. இலை கருகாத ஒன்பது மரத்தை வைத்துக்கொள்கிறோம். பழைய காலத்தில் டி.ஜிர் 1 மாதிரியான ரகங்களும் விதையில் வளர்ந்த ஒரு தனி மரத்தைக் கண்டுபிடித்து ஒட்டுக் கட்டியதிலிருந்து வந்தவைதான், அதனால் 41ஆம் எண் மரத்தின் குச்சியைப் பச்சையாக எடுத்து, நானே முளைக்கவைத்து வீரியம் பார்த்துப் பொறுக்கிய பன்னிரண்டு நாற்றில் ஒட்டுக் கட்டியிருக்கிறேன். ஒன்பது பிடித்திருக்கிறது. அடுத்த மழைக்கு 430 வரிசையின் ஓரத்தில் நடுகிறேன், முதல் கோடை முடிந்ததும் இலையும் சுற்றளவும் அளந்து எழுதுகிறேன்.